மருத்துவரின் பாதையும் கடன் பத்திரமும்: புதுச்சேரியின் இருநூறு ஆண்டுகள்

புதுச்சேரியில் மருத்துவம் கற்பிக்கத் தொடங்கி இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. ஐரோப்பியப் போர்கள் ஓய்ந்து 1816இல் ஊர் மறுபடி பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. துப்புய் ஆளுநராக இருந்த காலத்தில், 1823இல், 'எக்கோல் தெ மெத்சின்' என்ற மருத்துவப் பள்ளி இங்கே தொடங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரியின் தொடக்கம் 1835. அந்த வகையில் புதுச்சேரி பன்னிரண்டு ஆண்டு மூத்தது. இன்று, 2011 கணக்கெடுப்பின்படி பன்னிரண்டரை லட்சம் மக்கள்கூட நிறையாத இந்த யூனியன் பிரதேசத்தில் ஒன்பது மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. இந்தக் கணக்கைப் பெருமையோடு சொல்பவர்கள் உண்டு, அந்தப் பெருமையில் நியாயமும் உண்டு. ஆனால் இந்த வரலாற்றைப் படிப்புக்கான செலவை யார் ஏற்றார்கள் என்ற கேள்வியோடு படித்தால் வேறொரு சித்திரம் தெரிகிறது. முதலில் காலனி அரசு ஏற்றது, பிறகு இந்திய அரசு ஏற்றது, இப்போது பெரும்பாலான இடங்களில் குடும்பமும் வங்கியும் ஏற்கின்றன. ஒவ்வொரு கட்டத்திலும் செலவை ஏற்றவரின் தேவையே, படித்து முடித்த மருத்துவர் எங்கே போவார், யாருக்கு வைத்தியம் பார்ப்பார், எந்தத் துறையை எடுப்பார் என்பதைப் பெருமளவு முடிவு செய்திருக்கிறது. இளம் மருத்துவர்களின் விருப்பத்தையும் மனசாட்சியையும் பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். அவர்கள் கையில் என்ன கடன் பத்திரம் இருக்கிறது என்பதை அந்தப் பேச்சில் விட்டுவிடுகிறோம்.

பிரெஞ்சுப் பள்ளியில் பாடம் நடத்தியவர்கள் பெரும்பாலும் கடற்படையோடும் காலனிப் படையோடும் வந்த அறுவை மருத்துவர்கள். ஊரின் பிரெஞ்சுப் பகுதியில், இன்றைய பாரதி பூங்காவைச் சுற்றியுள்ள தெருக்களில், ஆஸ்பத்திரியும் பள்ளியும் அடுத்தடுத்து இயங்கின. வெப்பமண்டல நோய்களைப் பற்றிய பாடம் உலகின் பல பகுதிகளில் தனித்துறையாக உருவாகும் முன்பே இங்கே படுக்கைக்கு அருகில் நின்று கற்கப்பட்டது. காலனிக்கு வேண்டியது தன் ஆஸ்பத்திரிகளுக்கும் காரைக்கால், மாஹே, ஏனாம் போன்ற சிதறிய ஊர்களுக்கும் ஆள். அதற்காகவே அது பள்ளி நடத்தியது. தேறியவருக்குக் கிடைத்த 'மெத்சன் லோக்கால்', அதாவது உள்ளூர் மருத்துவர் என்ற தகுதி, பிரெஞ்சு இந்தியாவுக்கு வெளியே செல்லாது. முழு டாக்டர் பட்டம் வேண்டுமென்றால் கப்பலேறி பிரான்ஸ் போய் மேற்கொண்டு படிக்க வேண்டும். அந்தப் பயணத்துக்கும் தங்கிப் படிப்பதற்கும் வசதி இருந்த குடும்பங்கள் மிகச் சிலவே. மற்றவர்களுக்கு மருத்துவம் என்பது பிறந்த மண்ணின் எல்லைக்குள் ஒரு நிலையான உத்தியோகம்.

இதைக் காலனிகளுக்கு மட்டுமே இழைக்கப்பட்ட பாரபட்சம் என்று சொல்லி முடித்துவிடலாம். அப்படிச் சொன்னால் பாதி உண்மை விட்டுப்போகும். பிரான்சிலேயே 1803ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவர்களை இரண்டு வகையாகப் பிரித்திருந்தது. டாக்டர் பட்டத்துக்கு ஆகும் செலவு ஆயிரம் பிராங்கு வரை போகலாம். 'ஒஃபிசியே தெ சாந்தே' என்ற இரண்டாம் நிலை மருத்துவருக்கு உச்சவரம்பு இருநூறு பிராங்கு. அவர் தேர்வெழுதிய மாவட்டத்துக்குள் மட்டுமே தொழில் செய்யலாம், பெரிய அறுவை சிகிச்சை என்றால் டாக்டர் ஒருவர் முன்னிலையில்தான் செய்ய வேண்டும். ஃப்ளோபேர் எழுதிய 'மதாம் பொவாரி' நாவலின் சார்ல் பொவாரி இந்த வகையைச் சேர்ந்தவன். பணம் குறைவாக உள்ள வீட்டுப் பிள்ளைக்கு மலிவான பாதை, அந்தப் பாதையில் போனவனுக்குக் குறுகிய உரிமம், அவனிடம் வரும் கிராமத்து நோயாளிக்கு அரைகுறைத் தகுதியுள்ள வைத்தியம் என்று மூன்றையும் ஒரே சட்டம் பிணைத்து வைத்திருந்தது. 1892இல் பிரான்ஸ் அந்த வகையை ஒழித்தது. பிரிட்டிஷ் இந்தியாவிலும் இதற்கு இணையான எல்.எம்.பி. உரிமம் இருந்தது. நாட்டின் மருத்துவ வசதிகளை ஆராய்ந்த போர் (Bhore) குழு 1946இல் அறிக்கை தந்தபோது நாட்டில் இருந்த சுமார் 47,500 மருத்துவர்களில் ஏறக்குறைய 30,000 பேர் பட்டதாரிகள் அல்லர், இந்த உரிமம் பெற்றவர்களே. இனி ஒரே தரத்தில் ஒரே வகை மருத்துவர் போதும் என்றது குழு. உறுப்பினர் சிலர் அதை ஏற்கவில்லை, கிராமத்துக்கு அவ்வளவு பட்டதாரிகள் எங்கிருந்து வருவார்கள் என்று கேட்டார்கள். தரத்தின் பக்கம் நின்ற முடிவு சரியானது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் நீண்ட, செலவு மிகுந்த ஒரே படிப்புக்கு இனி யார் பணம் கொடுப்பார்கள் என்ற கேள்விக்கு விடை அரசு என்று மட்டுமே அன்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

புதுச்சேரியில் அந்த நம்பிக்கை கொஞ்ச காலம் மெய்யானது. 1954 நவம்பர் முதல் தேதி ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தபின், பழைய பிரெஞ்சுப் பள்ளி 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி ஆயிற்று. கோரிமேட்டில் புதிய வளாகம் எழுந்தது. 1964 ஜூலை 13 அன்று குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அதை ஜவஹர்லால் பெயரில் பட்ட மேற்படிப்பு நிறுவனமாகத் தொடங்கிவைத்தார். ஊர் அதை ஜிப்மர் என்றே அழைக்கிறது. பழைய பெயர் தன்வந்திரி நகர் என்ற முகவரியில் மட்டும் தங்கியிருக்கிறது. விழுப்புரம், கடலூர், திண்டிவனம் பக்கத்திலிருந்து விடியலில் பஸ் ஏறி வந்து ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு இந்த நிறுவனம் பிரதேச எல்லையைக் கடந்து எவ்வளவு பேரைத் தாங்குகிறது என்று விளக்கத் தேவையில்லை. 2008இல் நாடாளுமன்றச் சட்டம் அதைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆக்கியது. அங்கே எம்.பி.பி.எஸ். படிப்பவருக்குக் கல்விக் கட்டணம் ஆண்டுக்கு ஆயிரத்துச் சொச்சம்தான். மற்ற கட்டணங்களைச் சேர்த்தாலும் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். நெசவாளர் வீட்டுப் பிள்ளையும் அதிகாரி வீட்டுப் பிள்ளையும் ஒரே தொகையைக் கட்டி, ஒரே உடலை உடற்கூறியல் மேசையில் அறுத்துப் படிக்க முடிந்தது. படித்து முடித்து வெளியே வந்தபோது அவர்கள் யாருக்கும் கடன்பட்டிருக்கவில்லை.

இந்தக் கதையின் திருப்பம் புதுச்சேரிக்கு வெளியே, நீதிமன்றங்களில் நடந்தது. கர்நாடகத்தில் தனியார் மருத்துவக் கல்லூரி ஒன்றில் இடம் கேட்ட மீரட் மாணவி ஒருவரின் வழக்கில் 1992இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அன்றைய கட்டண விவரம் இது: அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய், கர்நாடக மாணவருக்கு 25,000, வெளிமாநிலத்தவருக்கு 60,000. மோகினி ஜெயின் வழக்கு என்று அறியப்படும் அந்தத் தீர்ப்பில் கேபிடேஷன் கட்டணம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்றது நீதிமன்றம். அடுத்த ஆண்டே உன்னிகிருஷ்ணன் வழக்கில், தனியார் கல்லூரியில் பாதி இடம் தகுதி அடிப்படையில் குறைந்த கட்டணத்துக்கு, மீதிப் பாதி அதிகக் கட்டணத்துக்கு என்று ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. பணம் உள்ளவர் கட்டும் தொகை பணம் இல்லாதவரைத் தாங்கும் என்பது அதன் கணக்கு. 2002இல் டி.எம்.ஏ. பாய் தீர்ப்பு அந்தத் திட்டத்தைத் தள்ளுபடி செய்தது. 2005இல் இனாம்தார் தீர்ப்பு, அரசு உதவி பெறாத கல்லூரிகளிடம் அரசு தன் ஒதுக்கீட்டைக் கட்டாயமாகப் பெற முடியாது என்று சொல்லிவிட்டது. கல்லூரி விரும்பி ஒத்துக்கொண்டால்தான் இடம் என்றாயிற்று. சரியாக இதே பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான் புதுச்சேரியைச் சுற்றிக் காலாப்பட்டு, பிள்ளையார்குப்பம், கிருமாம்பாக்கம், மதகடிப்பட்டு, ஊசுடு, அரியூர் என்று கல்லூரிகள் வரிசையாக எழும்பின. ஒன்பதில் அரசுடையவை ஜிப்மரும் கதிர்காமத்தில் 2010இல் தொடங்கிய இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரியும் மட்டும். மூன்று, பல்கலைக்கழக இணைப்புப் பெற்ற தனியார் கல்லூரிகள். காரைக்காலில் உள்ளதையும் சேர்த்து நான்கு, நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கீழ் வருபவை. கதிர்காமம் கல்லூரியிலேயே வெளிநாடுவாழ் இந்தியர் ஒதுக்கீடு இருக்கிறது என்பது, அரசே இந்தச் சந்தையின் இலக்கணத்துக்குள் வந்துவிட்டதைக் காட்டுகிறது.

ஆகவே இன்று ஜூன் மாதத்தில் நீட் மதிப்பெண்ணோடு உட்கார்ந்திருக்கும் ஒரு புதுச்சேரிக் குடும்பத்தின் முன் இருப்பவை மூன்று விலைகள். ஜிப்மர் உள் ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் செலவு ஏறக்குறைய இல்லை. புதுச்சேரியின் மாணவர் சேர்க்கை அமைப்பான சென்டாக்கின் கலந்தாய்வில் தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீடு கிடைத்தால் ஆண்டுக்கு மூன்று லட்சத்தைத் தாண்டும். நிகர்நிலை என்றால் ஆண்டுக்கு இருபது லட்சத்தை ஒட்டி. முதல் விலைக்கும் இரண்டாவது விலைக்கும் நடுவே சில மதிப்பெண்களே வித்தியாசமாக இருக்கலாம். இரண்டாவது விலையிலிருந்தே வங்கி உள்ளே வருகிறது. 2001இல் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்தின் வழியில்தான் நம் கல்விக்கடன்கள் நடக்கின்றன. ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஜாமீன் வேண்டும். அப்போது வீட்டு மரப்பெட்டியிலிருந்து மூலப்பத்திரம் வெளியே வருகிறது. வில்லங்கச் சான்று வாங்க வேண்டும், வங்கி வழக்கறிஞரின் கருத்துரை வேண்டும், மதிப்பீட்டாளர் வந்து வீட்டை அளந்து போக வேண்டும். பத்திரத்தில் பெரியப்பாவின் பங்கு பிரிக்கப்படாமல் இருந்தால் அவரிடம் போய் நிற்க வேண்டும். பதினெட்டு வயதுப் பிள்ளையின் படிப்புக்காகக் குடும்பத்தின் ஒரே கூரை ஈடாகப் போகிறது. அப்பா கடனின் இணைக் கையொப்பக்காரர். வகுப்பில் முதல் உடற்கூறியல் பாடம் நடக்கும் முன்பே அந்தப் பிள்ளையின் எதிர்காலத்தில் முக்கால் பங்கு எழுதப்பட்டுவிடுகிறது.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விடுதியும் சாப்பாடும் சேர்த்து அரசு ஒதுக்கீட்டு மாணவர் ஐந்து தவணையில் மொத்தம் இருபது லட்சம் வாங்குகிறார் என்று கொள்வோம். வட்டி பத்தரை சதவீதம். ஐந்தரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு அவகாசமும் முடிந்து கட்டத் தொடங்கும்போது, தனிவட்டிக் கணக்கில் மட்டுமே ஒன்பதரை லட்சம் ஏறியிருக்கும். பதினைந்து ஆண்டில் அடைப்பதென்றால் மாதம் சுமார் 32,500 ரூபாய். அரசுப் பணியில் சேரும் எம்.பி.பி.எஸ். மருத்துவரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ஏழாவது ஊதியக் குழுவின்படி 56,100. அதுவும் நிரந்தர வேலை கிடைத்தால். ஒப்பந்த வேலை என்றால் இன்னும் குறைவு. ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் உள்ள குடும்பங்களுக்குப் படிப்புக் கால வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது, ஆனால் அதற்கு உச்சவரம்பு உண்டு. நிகர்நிலைக் கல்லூரி மாணவரின் தொகை இதைப்போல ஐந்து மடங்கு. இந்த நிலையில் இருப்பவரிடம் பாகூர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய், மனநல மருத்துவம் எடு, சமூக மருத்துவம் படி என்று அறிவுரை சொல்வதில் பொருள் இல்லை. தோல் மருத்துவமோ கதிரியக்கவியலோ எடுத்தால் கடன் சீக்கிரம் அடையும் என்று அவருக்குத் தெரியும். பி.ஜி. இடத்துக்குத் திரும்பவும் கடன் வாங்க வேண்டுமென்றால் அந்தக் கணக்கு இன்னும் இறுகும். 2023இல் பி.ஜி. நீட் தகுதி வரம்பைப் பூச்சியம் சதமானம்வரை இறக்கியும் இடங்களை நிரப்பப் பாடுபட வேண்டியிருந்தது. அவற்றில் யாரும் வேண்டாம் என்று ஒதுக்கிய இடங்களில் உடற்கூறியல், உடலியங்கியல் போன்ற வருமானம் குறைந்த அடிப்படைத் துறைகள் இருந்ததைத் தற்செயல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இதே ஊரில்தான் 1975இல் கொசுவழி நோய்களுக்கான ஆய்வு மையம் தொடங்கப்பட்டு, 1981 முதல் 1985 வரை யானைக்கால் நோய்க்கு எதிராக நகரத்தின் சாக்கடைகளையும் கிணறுகளையும் தெருத்தெருவாகக் கவனித்த பெரிய திட்டம் நடந்தது. அந்த வகை வேலைக்கு வரக்கூடிய இளம் மருத்துவரைத் தவணை அட்டை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

கடன் என்பது முதலீடுதானே, மருத்துவர் சம்பாதித்து அடைத்துவிடுவார், இதில் என்ன பிரச்சினை என்று கேட்பவர்கள் உண்டு. அடைத்துவிடுவார் என்பது உண்மையே. யாரிடம் சம்பாதித்து என்பதே என் கேள்வி. முதலீட்டின் தர்க்கம் உள்ளே வந்துவிட்டால் தேவையில்லாத ஸ்கேனும் தள்ளிப்போடக்கூடிய அறுவை சிகிச்சையும் அந்தத் தர்க்கத்தின் இயல்பான விளைவுகள். மருத்துவர் கெட்டவராக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இன்னொரு தரப்பு, தனியார் கல்லூரிகள் வராவிட்டால் இத்தனை மருத்துவர்களும் இத்தனை படுக்கைகளும் ஏது என்கிறது. இதில் நியாயம் இருக்கிறது. புதுச்சேரியின் கிராமத்துக்காரர்கள் பலர் அந்த ஆஸ்பத்திரிகளில் குறைந்த செலவில் வைத்தியம் பார்த்துக்கொள்கிறார்கள். அதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் படுக்கைகள் பெருகியதற்கான விலையை மாணவர் குடும்பங்கள் மட்டும் ஏன் சுமக்க வேண்டும் என்பதற்கு அந்த வாதத்தில் பதில் இல்லை. தனியார் கல்லூரிகளிலும் நிகர்நிலைகளிலும் பாதி இடங்களுக்கு அந்தந்த மாநில அரசுக் கல்லூரிக் கட்டணமே இருக்க வேண்டும் என்று 2022 பிப்ரவரியில் தேசிய மருத்துவ ஆணையம் வழிகாட்டுதல் வெளியிட்டது. பெரும்பாலும் அது காகிதத்தோடு நின்றுவிட்டது.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று உண்டு. அரசுப் பணத்தில் படித்தவர்கள் மட்டும் என்ன செய்துவிட்டார்கள் என்பது அது. டெல்லி எய்ம்ஸில் 1989 முதல் 2000 வரை படித்து முடித்தவர்களில் 54 சதவீதம் பேர் வெளிநாட்டில் இருந்ததாக உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2008இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அமெரிக்காவில் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளி 2018இல் எல்லா மாணவருக்கும் கட்டணத்தையே ரத்து செய்தது. எளிய குடும்பத்து மாணவர்களின் பங்கும் குடும்ப மருத்துவம் எடுப்பவர்களின் பங்கும் எதிர்பார்த்தபடி உயரவில்லை என்ற விமர்சனம் பிறகு எழுந்தது. இந்த ஆட்சேபத்தை நான் ஏற்கிறேன். கட்டணத்தை நீக்கினால் மருத்துவரின் கால் கட்டு அவிழும், அவ்வளவுதான். அவிழ்ந்த கால் எந்தத் திசையில் நடக்கும் என்பதை அது சொல்லாது. பிரெஞ்சுப் பள்ளி தன் மாணவரை ஊரோடு கட்டிப்போட்டது, ஆனால் உரிமத்தைக் குறுக்கி அதைச் செய்தது. சுதந்திர இந்தியா முழுப் பட்டத்தைக் கொடுத்தது, எதையும் கேட்கவில்லை. இன்றைய சந்தை முழுப் பட்டத்தையும் கொடுத்து வட்டியோடு பணத்தைக் கேட்கிறது. இந்த மூன்றுமல்லாத நான்காவது ஏற்பாடு ஒன்று உண்டு: முழுத் தரமான படிப்பு, கடன் இல்லை, அதற்கு ஈடாகக் குறிப்பிட்ட காலச் சேவை.

இது எங்கும் நடக்காத கனவு அல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் தமிழ் இளைஞர்களுக்கு மருத்துவம் கற்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசு வேலைக்காக வெளியூர் போய்விடுவதைக் கண்டு, 1864 முதல் தமிழிலேயே பாடம் நடத்தினார். படிப்பின் அமைப்பே மருத்துவரின் இருப்பிடத்தைத் தீர்மானிக்கும் என்று அவர் அன்றே புரிந்துகொண்டிருந்தார். ஆயினும் பிரெஞ்சுப் பள்ளியைப் போலவே அவருடைய வழியிலும் படித்தவர் போகக்கூடிய எல்லை குறுகியதாகவே இருந்தது. அந்தக் குறையைத் தீர்த்த எடுத்துக்காட்டு வேலூர். ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்காகத் தொடங்கிய பள்ளி எல்.எம்.பி. உரிமத்தோடு ஆரம்பித்து, 1942இல் எம்.பி.பி.எஸ். கல்லூரியாக உயர்ந்தது. கட்டணம் குறைவு. மாணவரை முன்மொழியும் திருச்சபைகளின் ஆஸ்பத்திரிகளில், பொதுவாக இரண்டு ஆண்டு, வேலை பார்த்தாக வேண்டும். வட இந்தியாவின் மூலை முடுக்கிலுள்ள மிஷன் ஆஸ்பத்திரிகள் இதனால் இயங்கின. பட்டத்தின் மதிப்பு ஒரு துளியும் குறையவில்லை. மதச்சார்பற்ற எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் தமிழ்நாட்டு அரசு மருத்துவர்களுக்கான பி.ஜி. இட ஒதுக்கீடு இருக்கிறது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்தவருக்கு மேற்படிப்பில் இடம், படித்தபின் மறுபடி அரசுப் பணி. அதை மாநில அரசு வழங்கலாம் என்று 2020 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது. தாலுகா ஆஸ்பத்திரிகளில் மகப்பேறு மருத்துவரும் மயக்க மருத்துவரும் இருப்பதற்கு இந்த ஏற்பாடு ஒரு முக்கியக் காரணம்.

சேவை ஒப்பந்தம் இளைஞரின் சுதந்திரத்தைப் பறிக்காதா என்று கேட்கலாம். இரண்டோ மூன்றோ ஆண்டு ஊர் ஆஸ்பத்திரியில் சம்பளத்தோடு வேலை பார்ப்பது ஒரு கட்டுப்பாடுதான், மறுக்கவில்லை. பதினைந்து ஆண்டு தவணையும் ஒரு கட்டுப்பாடு, அதில் வீட்டுப் பத்திரமும் சிக்கியிருக்கிறது. ஒன்றின் பலன் பாகூருக்கும் திருக்கனூருக்கும் போகிறது, மற்றதன் பலன் வட்டியாகப் போகிறது. ஒப்பந்தத்தை மீறினால் பெருந்தொகை அபராதம் என்று எழுதிவைத்தால் மட்டும் போதாது. பணம் உள்ளவர் அபராதத்தைக் கட்டிவிட்டுப் போவார், பணம் இல்லாதவர் மட்டும் மாட்டிக்கொள்வார், பழைய பாரபட்சம் புது வேடத்தில் வரும். ஆகவே முடித்தவருக்குப் பி.ஜி. இடத்தில் உண்மையான முன்னுரிமையும், வேலை பார்க்கும் இடத்தில் தங்க வீடும், காலத்தோடு வரும் சம்பளமும் சேர்ந்தே ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் பத்து சதவீத உள் ஒதுக்கீடு 2023இல் புதுச்சேரியில் நடைமுறைக்கு வந்தது. இது நல்ல தொடக்கம். அடுத்த படியாக, சென்டாக் வழியே தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம் பெறும் ஒவ்வொரு மாணவருக்கும், விரும்பினால் முழுக் கட்டணத்தையும் அரசு ஏற்று அதற்கு ஈடாகச் சேவை பெறும் வாய்ப்பைப் புதுச்சேரி அரசு கலந்தாய்வுக்கு முன்பே அறிவிக்க வேண்டும். அது வரும்வரை பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். வங்கியின் ஒப்புதல் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன், படிப்புக் கால வட்டியையும் சேர்த்து மாதத் தவணை எவ்வளவு வரும் என்பதை ஒரு தாளில் எழுதி, பிள்ளையை எதிரில் உட்காரவைத்து, பக்கத்திலேயே அரசு மருத்துவரின் தொடக்கச் சம்பளத்தையும் எழுதிக் காட்டுங்கள்.